மாநில ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 5,200 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 4,350 கோடி டாலர் அளவில் இருந்தது. நல்ல செய்திதான், பெருமைப்படலாம். ஆனால் அந்தத் தொகையை அப்படியே மாநிலத்துக்கு வந்த வருமானமாக எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கணக்கு தப்புகிறது.

அந்த உயர்வில் பாதிக்கு மேல் மின்னணுப் பொருள்களால் வந்தது, முக்கியமாக செல்போன்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பொருத்தப்படும் ஒரு போனில் சிப், நினைவகம் போன்ற விலை உயர்ந்த பாகங்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. போன் கப்பலேறும்போது முழு விலையும் நம் கணக்கில் ஏறும். இங்கே தங்குவதோ கூலி, வாடகை, மின்சாரம், போக்குவரத்து, லாபத்தில் ஒரு பகுதி. திருப்பூர் பனியன் அப்படியில்லை. பஞ்சில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வந்தாலும் நூற்பு, நிட்டிங், சாயம், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் கொங்கு வட்டாரத்திலேயே நடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கோ கூலி கிடைக்கிறது. ஒரே டாலர் மதிப்புள்ள ஏற்றுமதி, ஆனால் வேலை கொடுக்கும் அளவு வேறு.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய், “வெறும் பொருத்துகிற வேலைதானே” என்று ஒதுக்குகிறார்கள். அதுவும் தவறு. முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு அந்த வேலை சிறியதல்ல. அடுத்து உதிரிபாகங்களும் இங்கேயே தயாராகுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாநில அரசு 2025இல் அதற்கென்று தனித் திட்டம் கொண்டுவந்திருப்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

மாநிலங்களை வரிசைப்படுத்தி “நாம்தான் முன்னால்”, “பின்தங்கிவிட்டோம்” என்று பேசுவது இன்னொரு வழக்கம். குஜராத் முதலிடத்தில் இருப்பதற்கு ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையின் பெட்ரோலியப் பொருள்கள் பெரிய காரணம். உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கினால், ஒருவருக்கும் வேலை போகாமலேயே அந்த மாநிலத்தின் ஏற்றுமதித் தொகை சரியும். ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்து வளர்ச்சி என்று சொல்வதும் இதே போலத்தான். டாலர் விலை ஏறினாலே அந்த எண் தானாக வீங்கும்.

சரி, வரிக்கு வருவோம். ஏற்றுமதி கூடினால் மாநிலக் கஜானாவில் உடனே பணம் கொட்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். மாநிலத்துக்கு வரும் பலன் பெரும்பாலும் சுற்றுவழியில்தான் வருகிறது: தொழிலாளி சம்பளத்தில் பைக் வாங்கும்போது, கடையில் செலவழிக்கும்போது, வீடு பதிவு செய்யும்போது. சம்பளம் குறைவாக இருந்தால் அந்த வரவும் குறைவுதான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி ஊருக்கு அனுப்பும் பணம் அங்கே செலவாகும்போது வரும் வரி அந்த மாநிலத்துக்குத்தான் போகும். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அந்த மாநிலமும் வாழட்டும்.

ஒரே சந்தையை நம்பி நிற்பதை வளர்ச்சியாக எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 காட்டியது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானது. திருப்பூர் பின்னலாடைக்கு அமெரிக்கா மிகப்பெரிய சந்தை. ஆர்டர் நின்றால் முதலில் வருமானம் இழப்பவர்கள் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவர்களும் பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளும்தான்.

ஆற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. திருப்பூர் ஏற்றுமதி ஏறிய ஆண்டுகளில் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கே உதவாமல் போனது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நின்றார்கள். கழிவைச் சுத்திகரிக்கும் செலவை ஆரம்பத்திலேயே விலையில் சேர்த்திருந்தால் விவசாயியும் தப்பியிருப்பார், தொழிலாளியும் தப்பியிருப்பார்.

அடுத்த முறை ஏற்றுமதி எண் வெளியாகும்போது, மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கூலி எவ்வளவு, மூலப்பொருள் முதலிய செலவுகள் போக தொழிற்சாலை சேர்த்த நிகர மதிப்பு எவ்வளவு என்பது மாநிலவாரியாக அதில் இருக்கிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகள் மட்டுமே அந்த ஆய்வில் வரும். வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டித் தரும் பெண்கள் அதில் இல்லை.