மெசியா எதிர்பார்ப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், சர்ச்சை ஒட்டிய அறையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். "யூதர் எல்லாரும் ஒரே மெசியாவுக்குக் காத்திருந்தார்கள்" என்ற வரியை மனப்பாடம் செய்துகொண்டுதான் பிள்ளைகள் வருவார்கள். மெசியா என்றால் 'அபிஷேகம் பெற்றவர்', கடவுள் அனுப்புவார் என்று எதிர்பார்த்த மீட்பர். அந்த வரியைப் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் பாடத்தின் வேலை.

பழைய கலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, நீளமாக ஒரு காலக்கோடு போடுங்கள். எந்த எழுத்தை எடுத்தாலும் முதலில் இரண்டு கேள்வி: அப்போது ஆட்சியில் இருந்தது யார்? எழுதியவர்கள் எதைப் பறிகொடுத்திருந்தார்கள்?

சாலொமோனின் சங்கீதங்களில் தொடங்குவது நல்லது. அது நம் வேதாகமத்தில் இல்லாத யூதப் பாட்டுத் தொகுப்பு. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேய் எருசலேமைப் பிடித்து, பிரதான ஆசாரியர் தவிர வேறு யாரும் நுழையக்கூடாத ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள்ளேயே போனான். அந்தக் கோபம் தணியாத காலத்தின் 17ஆம் பாட்டு, அந்நியரை விரட்டித் தாவீதின் மகன் அரசாள வேண்டும் என்று மன்றாடுகிறது. அடுத்து, சாக்கடலோரக் குகைகளில் 1947 முதல் கிடைத்த பழைய யூத எழுத்துகளான கும்ரான் சுருள்கள். அவற்றில் ஒன்றான சமூக விதிநூல் ஒரு தீர்க்கதரிசியையும், ஆரோன், இஸ்ரவேல் வழியில் இரண்டு அபிஷேகம் பெற்றவர்களையும் எதிர்பார்க்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டு அதிர்வார்கள். அதிரட்டும், அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாதீர்கள்.

யூதர் அல்லாதவர்களுக்கும் இதே கோட்டில் இடம் கொடுங்கள். கி.மு. 40 அளவில், உள்நாட்டுச் சண்டையில் களைத்த ரோமில், கவிஞர் வெர்ஜில் ஒரு குழந்தை பிறந்து பொற்காலம் திரும்பும் என்று பாடினார். கி.மு. 9இல் ரோமரின் ஆசியா மாகாணத்தார் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பேரரசன் அகஸ்துவின் பிறந்தநாளையே ஆண்டின் முதல் நாளாக்கினார்கள். அங்குள்ள பிரியேனே நகரத்துக் கல்வெட்டு அவனை மீட்பர் என்று புகழ்கிறது. இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா 2ஆம் அதிகாரத்தை இதற்குப் பிறகு வாசிக்கச் சொல்லுங்கள்; அகஸ்து என்ற பெயர் அப்போதுதான் பிள்ளைகளின் காதில் விழும்.

எங்கள் வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் உண்டு. விஷ்ணுவின் வரவிருக்கும் அவதாரம் கல்கி என்பார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கேட்ட, இனி வரப்போகும் மைத்திரீ புத்தரைப் பற்றியும் சொல்வார்கள். சொல்லவிடுங்கள், தனித்தாளில் எழுதுங்கள். ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடாதீர்கள். அப்படிச் சொல்வது யாருடைய நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை.

அதிக நேரம் யூத வரலாற்றாசிரியர் யோசேப்புவுக்குக் (Josephus) கொடுங்கள். ரோமருக்கு எதிராகப் போரிட்ட யூதத் தளபதி, கி.பி. 67இல் பிடிபட்டவர். யூதேயாவிலிருந்து ஒருவர் உலகை ஆள்வார் என்ற வாக்கே தன் மக்களைப் போருக்குத் தூண்டியது என்று எழுதுகிறார். அதே வாக்கு ரோமத் தளபதி வெஸ்பாசியனைக் குறித்தது என்றும் அவரே சொல்கிறார். 69இல் வெஸ்பாசியனைப் படைகள் பேரரசனாக அறிவித்தபோது அவன் அந்தப் பகுதியில்தான் இருந்தான். ரோம வரலாற்றாசிரியர் தசித்துவும் அப்படியே வாசிக்கிறார். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் எருசலேமில் முற்றுகைக்குள் இருப்பவர்களாகவும், மறுபக்கம் ரோம முகாமில் இருப்பவர்களாகவும் வாதிடச் சொல்லுங்கள். ஒரு வாக்கு எதிரெதிரான இரு கைகளில் என்ன ஆகிறது என்பது நம் விளக்கமே இல்லாமல் விளங்கிவிடும்.

"அப்படியென்றால் இயேசுவும் பத்தில் ஒருவரா, டீச்சர்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நான் விசுவாசி. இருந்தும் அந்த இடத்தில் பிரசங்கம் செய்வதில்லை. மத்தேயு 11ஐத் திறக்கச் சொல்வேன். சிறையிலிருக்கும் யோவான் ஸ்நானகனே, வரவேண்டியவர் நீர்தானா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். யோவான் கேட்கலாமென்றால் இந்தப் பிள்ளையும் கேட்கலாம்.

சரி, கடைசியாக பார் கோக்பா. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிரான கிளர்ச்சியை நடத்தியவர். யூதப் போதகரான ரபி அக்கிபா அவரையே மெசியா என்றதாகவும், இன்னொரு ரபி அதைக் கண்டித்ததாகவும் யூத மரபு சொல்கிறது. யூதேயப் பாலைவனக் குகைகளில் அவருடைய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் கூடாரப் பண்டிகைக்காக இரண்டு கழுதைகளை அனுப்பி, ஈச்ச ஓலையும் நாரத்தை வகைப் பழமும் ஏற்றிவரச் சொல்கிறார். போர் நடுவில் எழுதிய அந்தக் கடிதத்தைப் பிள்ளைகளைக் கொண்டே உரக்க வாசிக்க வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: இந்த மனிதரைப் பின்பற்றிப் போனவர்கள் எதற்காகப் போயிருப்பார்கள்?