இலத்தீன் வேற்றுமைகளைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலத்தீன் வேற்றுமைகள் கடினமானவை என்னும் அச்சம் தமிழ் மாணவர்களிடம் வேரூன்றுவதற்கு, அம்மொழியைக் காட்டிலும் அதைக் கற்பிக்கும் முறையே பெரிதும் காரணமாகிறது. நம் ஆசிரியர்கள் கையாளும் தொடக்கநிலைப் பாடநூல்கள் பொதுவாக ஆங்கிலம் பேசும் மாணவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஈறுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டமையால், அந்நூல்கள் ‘ஆஃப்’ என்றால் ஜெனிட்டிவ் (உடைமை வேற்றுமை), ‘டு’ என்றால் டேட்டிவ் (கொடை வேற்றுமை), ‘பை, வித், ஃப்ரம்’ என்றால் அப்லேட்டிவ் (கருவி, நீங்கல் முதலியவற்றைக் காட்டும் வேற்றுமை) என்று விளக்குகின்றன. சொல் எங்கே நின்றாலும் அதன் ஈறே அதன் தொழிலைக் காட்டும் என்பதைப் புரியவைக்கவும் நெடுநேரம் பாடுபடுகின்றன. ‘கனிஸ் விரும் மொர்தெத்’ என்றாலும் ‘விரும் கனிஸ் மொர்தெத்’ என்றாலும் நாய்தான் மனிதனைக் கடிக்கிறது என்பது, ‘மனிதனை நாய் கடிக்கிறது’ என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. அதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டுபோய்ச் சொல்வது முதல் தவறு.

இதற்கு நேர்மாறான தவறு, தமிழ் வேற்றுமைகளை எண் வரிசைப்படி இலத்தீன் மீது அப்படியே பொருத்துவது. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைக் கூறுகிறது. இலத்தீனில் வழக்கமாக ஆறு எண்ணப்படுகின்றன. குறையும் இரண்டும் தொலைந்துவிடவில்லை. நாம் மூன்று, ஐந்து, ஏழு எனப் பிரித்து வைத்திருக்கும் வேலைகளை இலத்தீனில் அப்லேட்டிவ் என்னும் ஒரே வேற்றுமை சுமக்கிறது. ‘கிளதியோ’ என்றால் வாளால். ‘கும் அமீகோ’ என்றால் நண்பனோடு. ‘ரோமா வேனித்’ என்றால் ரோமிலிருந்து வந்தான். ‘இன் உர்பெ’ என்றால் நகரில். ‘மெல்லெ துல்கியுஸ்’ என்பது தேனினும் இனியது. ஐந்தாம் வேற்றுமைக்கு நம் இலக்கணம் தரும் ஒப்புப் பொருளும் இதனுள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஆகவே அப்லேட்டிவைத் தமிழின் ஐந்தாம் வேற்றுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், ‘கிளதியோ’ என்பதை ‘வாளிலிருந்து’ என்றே மாணவர் மொழிபெயர்ப்பார். மூன்று தமிழ் வேற்றுமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவை மூன்றும் ஒரே வேற்றுமையில் வந்து சேர்வதைக் காட்டுவதே சரியான வழி.

‘கு’ உருபைக் கண்டவுடன் டேட்டிவ் எழுதச் சொல்வது இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் இன்னும் அடிக்கடி நிகழ்வது. ‘எனக்கு ஒரு மகன் உண்டு’ என்பதற்கு ‘மிஹி ஃபீலியுஸ் எஸ்த்’ என்பது உருபுக்கு உருபு பொருந்துகிறது. அந்த மகிழ்ச்சியில் ஆசிரியரும் மாணவரும் ஏமாந்துவிடுகிறார்கள். ‘எனக்குத் தெரியும்’ என்பது இலத்தீனில் ‘ஸ்கியோ’ என்னும் வினை மட்டுமே. அங்கே ‘மிஹி’க்கு இடமில்லை, அறிபவர் எழுவாயாகவே நிற்பார். ‘ரோமுக்குப் போகிறான்’ என்பது ‘ரோமம் இத்’, அதாவது அக்யூசேட்டிவ் (செயப்படுபொருள் வேற்றுமை); போகும் திசையைக் குறிக்க உரைநடை இலத்தீன் டேட்டிவைப் பயன்படுத்துவதில்லை. மறுபுறம், ‘உன்னை நம்புகிறேன்’ என்று நாம் ஐ உருபு சேர்க்கும் இடத்தில் ‘திபி கிரேதோ’ என்று இலத்தீன் டேட்டிவைக் கேட்கிறது. இத்தகைய வினைகளை அவை ஏற்கும் வேற்றுமையோடு சேர்த்தே முதல் நாளில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

ஐ உருபைப் பற்றி இன்னொரு செய்தி, ஆங்கிலவழிப் பாடநூல் எதுவும் எச்சரிக்க இயலாதது. தமிழில் அஃறிணைச் செயப்படுபொருள் பெரும்பாலும் உருபின்றியே வரும். ‘தண்ணீர் குடித்தான்’ என்போமேயன்றித் ‘தண்ணீரைக் குடித்தான்’ என்று எப்போதும் சொல்வதில்லை. இப்பழக்கம் இலத்தீனுக்குள் நுழைந்து, ‘அக்வம் பிபித்’ என்று எழுத வேண்டிய மாணவரை ‘அக்வ பிபித்’ என்று எழுதவைக்கிறது. உயர்திணைப் பெயர்களில் இதே மாணவர் ஒருபோதும் தவறுவதில்லை என்பதைக் கவனித்தால், பிழையின் வேர் கவனக்குறைவு அன்று என்பது விளங்கும்.

அகராதியில் எழுவாயை அடுத்துத் தரப்படும் இரண்டாம் வடிவத்தை, அதாவது ஜெனிட்டிவைப் புறக்கணிப்பதும் பெரும் இடர். அரசனுக்கு ‘ரேக்ஸ்’ என்று மட்டும் கற்ற மாணவர், அதனோடு நேரே ஈற்றைச் சேர்த்து இல்லாத ஒரு சொல்லைப் படைத்துவிடுவார். ‘ரேக்ஸ், ரேகிஸ்’ என்று இரண்டையும் சேர்த்துக் கற்றால் ‘ரேகெம்’ தானே வரும். மரம் என்பதோடு ஐ சேரும்போது ‘மரமை’ என்று எவரும் சொல்வதில்லை, ‘மரத்தை’ என்றே சொல்கிறோம் என்பதை நினைவூட்டினால், வேற்றுமை ஏற்கும் அடிவடிவம் எழுவாயினின்று வேறுபடலாம் என்னும் கருத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உயிரெழுத்தின் மேல் இடும் நெடில் குறியை அலட்சியம் செய்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘புயெல்ல’ (சிறுமி) என்பது எழுவாய், ‘புயெல்லா’ என்பது அப்லேட்டிவ். உரோமன் எழுத்தில் குறியில்லாமல் அச்சிடும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. குறிலையும் நெடிலையும் தனி எழுத்தால் காட்டும் மொழியில் வளர்ந்த மாணவரிடம் இதை மறைப்பானேன்? பண்டைய ஒலிப்பில் ‘புயெல்லை’ என்று ஒலிக்கும் வடிவமோ நம் காதில் இரண்டாம் வேற்றுமையாகவே விழும். ஆனால் அது ஒருமையில் ஜெனிட்டிவாகவும் டேட்டிவாகவும், பன்மையில் எழுவாயாகவும் விளியாகவும் வருவது. முதல் வாரத்திலேயே முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் இந்த நான்கும் பெயரளவில் மட்டுமே நிற்கும். எழுவாயையும் அக்யூசேட்டிவையும் வாக்கியங்களில் பழக்கிய பிறகு ஏனையவற்றைக் கொண்டுவருவது நல்லது.

பெயரடைப் பாடம் பெரும்பாலும் அவசரமாக முடிக்கப்படுகிறது. ‘நல்ல உழவன்’, ‘நல்ல உழவனுக்கு’ என இரண்டிலும் ‘நல்ல’ மாறாத நமக்கு, இலத்தீனில் ‘பொனுஸ் அக்ரிகொல’, ‘பொனோ அக்ரிகொலை’ என்று அடையும் மாறுவது புதிது. இதை ஈறுகள் ஒத்து ஒலிப்பதாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் ‘பொன அக்ரிகொல’ என்றே எழுதுவார். பொருந்த வேண்டியவை வேற்றுமையும் எண்ணும் பாலுமே. இதற்கு நம் ஊர் மரங்களின் தாவரவியல் பெயர்களே போதிய பயிற்சி. அரச மரம் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’, புளிய மரம் ‘டாமரின்டஸ் இண்டிகா’. பெயரின் ஈறு ஆண்பாலுக்குரியதுபோல் தோன்றினாலும், இலத்தீன் மரபில் மரப்பெயர்கள் பெண்பாலாகக் கருதப்படுவதால் அடை பெண்பால் ஈறு பெறுகிறது. ஊறுகாய்க்குரிய மாகாளிக் கிழங்கின் பெயரான ‘டெகலெபிஸ் ஹாமில்டோனியை’யில் இரண்டாம் சொல் பெயரடை அன்று, ஒரு மனிதரின் பெயர் ஜெனிட்டிவில் நிற்பது. இவ்விரு வகையையும் பிரித்துக் காட்டச் சொல்லி ஒரு தேர்வு வைத்தால், அட்டவணையை ஒப்பித்தவர் யார், வேற்றுமையைப் புரிந்துகொண்டவர் யார் என்பது தெரிந்துவிடும்.