வளவு பொது, அறை தனி: பிராந்திய ஒன்றியத்தில் சேரும் நாடுகள் சறுக்கும் இடங்கள்

செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடுமுற்றம் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. இரட்டை வீடு என்ற அறை மட்டும் அவரவருக்கு. வீட்டை விற்பது என்றால் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கடல் தாண்டியிருக்கும் ஒரே ஒரு பங்காளி மனம் வைக்காததால் பூட்டிக் கிடக்கும் வீடு ஊருக்கு ஊர் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் போன்றவற்றில் ஒரு நாடு சேரும்போது என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த வீடு ஒன்று போதும். காரைக்குடிப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்தப் பாடத்தை "விண்ணப்பித்தார்கள், பேசினார்கள், சேர்ந்தார்கள்" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். சில நாடுகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டன.

பேச்சுவார்த்தை என்ற சொல்லை நம்புவது

முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் நாடு நடத்துவது பேரம் அல்ல. ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பு ஏற்கெனவே எழுதி முடிந்த பேரேடு. அதில் ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. அதை எப்போது, எந்த வரிசையில், எந்த அலுவலகத்தை வைத்து அமல்படுத்துவது என்பதைப் பற்றித்தான் பேச்சு.

வரிசை இது: விண்ணப்பம், அதன்மேல் ஐரோப்பிய ஆணையத்தின் கருத்து, வேட்பாளர் தகுதி, உள்நாட்டுச் சட்டங்களை ஒன்றியச் சட்டத்தோடு வைத்துச் சலித்துப் பார்ப்பது, சட்டத் தொகுப்பை அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்து மூடுவது (ஒவ்வொன்றிலும் பேச்சைத் தொடங்கி முடிப்பது), சேர்க்கை ஒப்பந்தம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல், கடைசியாக ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டப்படி ஏற்பது. மொத்தம் 35 அத்தியாயங்கள். பேச்சுக்கு வருபவை 33. திறக்கவும் மூடவும் எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம், அடிப்படை உரிமை பற்றிய அத்தியாயங்களை முதலில் திறந்து கடைசியில்தான் மூடுவார்கள். குரோஷியா 2003-இல் விண்ணப்பித்தது, 2005-இல் பேச்சைத் தொடங்கியது, 2011-இல் முடித்தது, 2013 ஜூலை 1 அன்று உள்ளே வந்தது. விண்ணப்பத்துக்கும் வாசற்படிக்கும் இடையே பத்து ஆண்டு. துருக்கி 1987-இல் விண்ணப்பித்தது. 2005-இல் பேச்சு தொடங்கி 16 அத்தியாயங்கள் திறந்தன. தற்காலிகமாகவேனும் மூடியது ஒன்றே ஒன்று, அறிவியல் ஆராய்ச்சி.

அப்படியானால் கேட்டுப் பெற எதுவுமே இல்லையா? உண்டு. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும், எழுத்தில் வாங்க வேண்டும். 2004-இல் சேர்ந்த போலந்து, வெளிநாட்டார் தன் விளைநிலத்தை வாங்குவதைக் கட்டுப்படுத்த 12 ஆண்டு அவகாசம் வாங்கிக்கொண்டது. மால்டா, ஐந்தாண்டு குடியிருக்காதவர் தன் தீவில் இரண்டாவது வீடு வாங்குவதற்குத் தடையை நிரந்தரமாகவே எழுதி வாங்கியது. 1995-இல் சேர்ந்த ஸ்வீடன், ஒன்றியம் முழுக்கத் தடையுள்ள தன் வாய்ப்புகையிலைக்கு விலக்கு வாங்கியது. சிரிப்பு வரலாம், ஆனால் தன் வாக்காளருக்கு எது உயிர் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்ட நாட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது.

பங்காளித் தகராறோடு வாசலுக்கு வருவது

எல்லைச் சண்டை, பெயர்ச் சண்டை, வரலாற்றுச் சண்டை எதுவானாலும் முன்னமே தீர்த்துக்கொள்ளாமல் வரிசையில் நின்றால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் எதிர்த்தரப்பின் கையில் சாவியைக் கொடுத்தது போலாகும். பிரான் வளைகுடா எல்லைக்காக ஸ்லோவேனியா 2008-இல் குரோஷியாவின் பேச்சை நிறுத்தியது. வழக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்ட பிறகே வண்டி நகர்ந்தது. மாசிடோனியாவின் நிலை இன்னும் மோசம். 2005-இல் வேட்பாளர் தகுதி கிடைத்தது. பெயர் பிடிக்காமல் கிரீஸ் தடுத்தது. 2018-இல் பிரஸ்பா உடன்பாடு செய்து 2019-இல் நாட்டின் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றினார்கள். அப்பாடா என்று உட்காரும்முன் 2020-இல் மொழி, வரலாறு பற்றிய குறையோடு பல்கேரியா எழுந்தது. ஒரு பங்காளிக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் கேட்கமாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் எல்லா அண்டை நாடுகளின் கோரிக்கைகளையும் ஒரே பட்டியலாக எழுதி, சேர்ந்து பேசி முடிப்பதே சரி.

சைப்ரஸ் இதன் மறுபக்கம். தீவை இணைக்கும் திட்டத்துக்கு 2004 ஏப்ரல் 24 அன்று வாக்கெடுப்பு. வடக்கில் துருக்கியர் ஆதரித்தார்கள், தெற்கில் கிரேக்கர் பெரும்பான்மையாக மறுத்தார்கள். ஒரே வாரத்தில், மே 1 அன்று, தெற்கு ஒன்றியத்தில் சேர்ந்தது. மறுத்தாலும் சேர்க்கை உறுதி என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? இங்கே சறுக்கியது சேர்ந்த நாடு அல்ல, சேர்த்த ஒன்றியம். தீராத தகராறு அன்றோடு ஒன்றியத்தின் சொந்தத் தகராறானது.

புள்ளி வரியா, ஆஸ்தி வரியா?

நகரத்தார் ஊர்களில் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்ட இரண்டு வழி உண்டு. புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று எல்லோரிடமும் ஒரே அளவு வாங்குவது புள்ளி வரி. சொத்துக்குத் தக்கபடி வாங்குவது ஆஸ்தி வரி. பிராந்திய அமைப்புகளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. எது என்று பார்க்காமல் சேர்வது பெரிய பிழை.

ஆசியான் செயலகச் செலவு புள்ளி வரி: சிங்கப்பூரும் லாவோஸும் ஒரே தொகை கட்ட வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்திலும் நெடுங்காலம் சமபங்கு முறைதான். 2016-இல் சேர்ந்த தென் சூடானுக்குச் சந்தா பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பகுதி வருவாய் ஆஸ்தி வரி, அதாவது தேசிய வருமானத்துக்குத் தக்க பங்கு. எளிய நாடு கொடுப்பதைவிட அதிகம் வாங்கும்.

ஆனால் வாங்குவதிலும் ஒரு பொடி எழுத்து உண்டு. வட்டார வளர்ச்சி நிதியைக் கேட்டவுடன் கொட்டிவிட மாட்டார்கள். அரசு முதலில் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும்; பின்தங்கிய வட்டாரத்துக்கு அதிகபட்சம் 85 சதவீதம்வரை திரும்பும்; மீதி சொந்தக் கையிலிருந்து. திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த ஆள், ஒப்பந்தப்புள்ளி நடத்தத் தெரிந்த ஆள், தணிக்கைக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் மாவட்ட அளவில் இல்லையென்றால் ஒதுக்கிய பணம் கெடு தாண்டித் திரும்பிப் போய்விடும். உழவர் மானியத்திலும் முதல் நாளே சம பந்தி இல்லை: 2004-இல் சேர்ந்த நாடுகளுக்கு நேரடி மானியம் பழைய உறுப்பினர் பெற்றதில் 25 சதவீதத்தில் தொடங்கிப் பத்தாண்டில்தான் முழுதாக ஏறியது. வேலைக்குப் போகும் உரிமையும் அப்படியே. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழு ஆண்டு மூடியே வைத்திருந்தன. இதை முன்னால் சொல்லாமல் "சேர்ந்தால் சொர்க்கம்" என்று மேடையில் பேசிய தலைவர்கள் பின்னால் வசவு வாங்கினார்கள்.

சிங்கப்பூர்: விளங்காமல் விட்ட வரிகள்

நம் ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பாவைவிட நெருக்கமான பாடம் இது. செட்டியார்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (பலர் சேர்ந்து இருந்த கடைக் கூடங்களில்) பெட்டி வைத்து வட்டிக்கடை நடத்திய காலத்திலேயே சிங்கப்பூர் ஒரு கூட்டாட்சிக்குள் போய் இரண்டே ஆண்டில் வெளியே வந்தது.

மலேசியா ஒப்பந்தம் 1963 ஜூலையில் லண்டனில் கையெழுத்தானது. செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. கல்வியும் தொழிலாளர் விவகாரமும் தன் கையில் இருக்கட்டும் என்று சிங்கப்பூர் கேட்டது. அதற்கு விலையாக 159 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 15 இடத்தோடு நின்றுகொண்டது. சிங்கப்பூரைவிட மக்கள்தொகை குறைந்த சரவாக்குக்கு 24 இடம். தன்னாட்சி வாங்கும்போது மேசையில் நாற்காலியை விற்கிறோம் என்பது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்தது பொதுச் சந்தை. துறைமுகமாகவே பிழைத்த தீவுக்கு மலாயாவின் சந்தைதான் சேர்வதன் காரணம். ஒப்பந்தத்தில் அது இருந்தது. ஆனால் படிப்படியாக என்றுதான் இருந்தது. எந்தச் சரக்குக்கு எந்த ஆண்டு தீர்வை நீங்கும் என்ற பட்டியல் கையெழுத்து நாளில் இல்லை. எதிர்த்தரப்பு செய்யவேண்டியதற்குத் தேதி எழுதாவிட்டால் அது நடக்காது. அது நடக்கவும் இல்லை. வருவாயில் 40 சதவீதம் மத்திக்கு என்று எழுதியிருந்ததையோ 1964-இன் இறுதியிலேயே 60 ஆக உயர்த்த வேண்டும் என்று கோலாலம்பூர் கேட்டது. இனக் கலவரம், கட்சிப் போட்டி எல்லாம் அதன்மேல் ஏறி, 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிவு. பிரிவுக்கு அரசியலே முதற்காரணம் என்பது சரிதான். ஆனால் பணவரிகள் இவ்வளவு தொளதொளப்பாக எழுதப்பட்டிராவிட்டால் அரசியலுக்கு இத்தனை எரிபொருள் கிடைத்திராது. புரூணை கெட்டிக்காரத்தனமாகக் கடைசி நேரத்திலேயே விலகிக்கொண்டது. எண்ணெய் வருவாய் யாருக்கு, சுல்தானின் வரிசை எங்கே என்ற இரண்டும் தெளியவில்லை என்பதே காரணம்.

சட்டம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பது

நாடாளுமன்றத்தில் ஒரே வாரத்தில் நாற்பது சட்டம் நிறைவேற்றலாம். அதை அமல்படுத்தும் நீதிபதி, சுங்க அதிகாரி, உணவு ஆய்வாளர் எங்கே? ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-இல் சேர்ந்தன. நீதித்துறையும் ஊழல் ஒழிப்பும் போதாது என்று தனிக் கண்காணிப்போடுதான் சேர்த்தார்கள். அந்தக் கண்காணிப்பு 2023-இல்தான் முடிந்தது. 2008-இல் பல்கேரியாவுக்கான நிதியில் ஒரு பகுதியையே ஆணையம் நிறுத்திவைத்தது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் இரண்டும் முழுமையாக வந்தது 2025 ஜனவரி 1 அன்று. பதினெட்டு ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் உள்கட்டுக்கு அழைக்கப்படாத உறவினர் நிலை.

கிழக்குத் திமோர் ஆசியானுக்கு 2011-இல் விண்ணப்பித்தது. கொள்கை அளவில் 2022-இல் ஏற்றார்கள். 2025 அக்டோபர் 26 அன்று 11-ஆவது உறுப்பினரானது. ஆட்சேபத்தின் பெரும்பகுதி அரசியலே அல்ல, ஆள்பலம்: ஆண்டு முழுக்க நடக்கும் நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்கு அனுப்ப அதிகாரி வேண்டும், அவர்களுக்கு ஆசியானின் அலுவல் மொழியான ஆங்கிலம் வேண்டும். அந்த நாட்டின் ஆட்சிமொழிகள் தேத்தும், போர்த்துகீசியம்.

நாணயத்தில் அவசரம் காட்டுவது பற்றி நீட்ட வேண்டியதில்லை. யூரோவுக்கு, நாட்டின் மொத்த உற்பத்தியில் அரசின் பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள் அல்லது அதை நோக்கி இறங்கிக்கொண்டு இருக்க வேண்டும். 2001-இல் நுழைந்த கிரீஸின் ஐந்தொகைக் கணக்கு சரியில்லை என்பது 2004-இலேயே தெரிந்துவிட்டது. அதற்கான விலையை 2010-இல் கட்டத் தொடங்கினார்கள்.

மக்களைக் கடைசியில் கேட்பது

நார்வே அரசு 1972-இலும் 1994-இலும் எல்லாப் பேச்சையும் முடித்து ஒப்பந்தத்தோடு வந்தது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள், 1994-இல் 52.2 சதவீதம். மீன்பிடி உரிமையும் உழவும்தான் கடலோரத்தையும் வடக்கையும் திருப்பின. இராமேசுவரம், ஜெகதாப்பட்டினம் மீனவரைத் தெரிந்த நமக்கு இது விளங்கும்: தலைநகரில் இருப்பவருக்கு ஓர் அத்தியாயம், கரையில் இருப்பவருக்கு அதுவே சோறு. அந்தத் தொழில்களோடு முதல் ஆண்டிலேயே உட்கார வேண்டும்.

வெளியேறும் வழியைப் படிக்காமல் விடுவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேறும் விதியே 2009-இல்தான் தெளிவாக எழுதப்பட்டது: 50-ஆவது விதி, இரண்டு ஆண்டுக் கெடு, எல்லோரும் இசைந்தால் நீட்டிப்பு. 2016-இல் வாக்கெடுத்த பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியே வர முடிந்தது. ஆசியான் சாசனத்தில் வெளியேறவோ வெளியேற்றவோ தனி விதியே இல்லை.

விதியைப் படிக்கும்போது அரசுக்கு என்ன ஆகும் என்பதோடு நிறுத்தக் கூடாது. எல்லைக்கு அந்தப்பக்கம் சொத்து வைத்திருக்கும் குடிமகனுக்கு என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், உலகப் பொருளாதார மந்தத்தில் அடமானம் மூழ்கியதால் 1937 வாக்கில் 25 சதவீதத்தைத் தொட்டிருந்தது. கோடு விழுந்தபோது அத்தனையும் அந்தப்பக்கம். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1963-இல் வங்கிகளும் நாட்டுடைமை. பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். பேரேடுகள் மட்டும் இன்னும் சில வீடுகளின் இரண்டாங்கட்டு அலமாரிகளில் இருக்கின்றன.