ஆகஸ்ட் முதல் மார்ச் வரை: டெக்சாஸ் சிற்றூர்ப் பள்ளிக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு

டெக்சாஸ் சிற்றூர்களுக்கு மருத்துவமனை வேலை, காற்றாலை வேலை, எண்ணெய் வயல் வேலை என்று வந்து சேர்கிறவர்கள் வீடு, கார், சோஷியல் செக்யூரிட்டி எண் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுக் கடைசியில்தான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கிறார்கள். அதற்குள் ஃபுட்பால் பயிற்சி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். பிள்ளை ஒன்பதாவதுக்கு மேல் என்றால் பள்ளிக்கூடத்து வேலையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பால் என்றால் இங்கே நம்மூர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இருபக்கமும் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். கால்பந்துக்கு சாக்கர் என்று பெயர். பல சின்னப் பள்ளிகளில் அதற்கு அணியே கிடையாது.

பள்ளி விளையாட்டுகளை மாநிலம் முழுக்க நடத்துவது யூ.ஐ.எல். என்கிற அமைப்பு. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்திருக்கிறார்கள். ஃபுட்பால் பயிற்சி ஆகஸ்ட் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும் முன்பே தொடங்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை பத்து ஆட்டம். அதில் தேறினால் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறுகிற சுற்று. இறுதி ஆட்டங்கள் டிசம்பர் நடுவில் ஆர்லிங்டனில், டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் மைதானத்தில். கூடைப்பந்துப் பயிற்சி அக்டோபர் கடைசியில் தொடங்கும், ஆட்டங்கள் நவம்பரில். பிப்ரவரியில் பிளேஆஃப், பெண்களுக்கு முதலில், ஒரு வாரம் கழித்து ஆண்களுக்கு.

இரண்டு பருவமும் நவம்பரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெரிய ஊரில் அது பிரச்சினை இல்லை. சின்ன ஊரில் இரண்டு அணியிலும் அதே பையன்கள்தான். ஃபுட்பால் அணி பிளேஆஃபில் இருக்கும்வரை கூடைப்பந்து அணி ஏழெட்டுப் பேரை வைத்துச் சமாளிக்கும். உங்கள் பையன் ஃபுட்பால் ஆடாதவன் என்றால் அவனுக்கு ஆட வாய்ப்பு கிடைக்கிற வாரங்கள் இவையே. டிசம்பரில் மற்றவர்கள் திரும்பியதும் பெஞ்சுக்குப் போக வேண்டியிருக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பயிற்சிக்கு முன் முடிக்க வேண்டியவை

முதல் வேலை வகுப்பு அட்டவணை. டெக்சாஸ் பள்ளிகளில் விளையாட்டுக்கென்று பகலிலேயே ஒரு வகுப்பு நேரம் உண்டு, அத்லெட்டிக் பீரியட் என்பார்கள். எடைப் பயிற்சி, உத்தி, ஆட்ட வீடியோ பார்ப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். கவுன்சிலரிடம், அதாவது பாடங்களைத் தேர்ந்தெடுக்க உதவும் பள்ளி வழிகாட்டியிடம், பதியும்போது "என் பிள்ளை அத்லெட்டிக் பீரியடில் இருக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது வகுப்பைப் போட்டுவிடுவார்கள். பள்ளி திறந்தபின் மாற்றுவது கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கும்.

இரண்டாவது உடற்பரிசோதனை. ஊரிலிருந்து கொண்டுவந்த மருத்துவச் சான்றிதழ் செல்லாது. யூ.ஐ.எல். படிவத்தையே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி விளையாட்டின் முதல் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் இது கட்டாயம். பல பள்ளிகள் ஆண்டுதோறும் கேட்கின்றன. மருத்துவ வரலாற்றுப் படிவத்தை எப்படியும் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் நிரப்ப வேண்டும். அதில் மாரடைப்பு, மயக்கம், மூச்சிரைப்பு பற்றிய கேள்விகளுக்கு "இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுக்காதீர்கள். பெரியப்பா முப்பத்தெட்டு வயதில் போனார் என்றால் எழுதுங்கள். பெற்றோர் விரும்பினால் இ.சி.ஜி. சேர்த்துக்கொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது, செலவு நம்முடையது.

மூன்றாவது வயதும் வகுப்பும். செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியவர் அந்த ஆண்டு மேல்நிலை அணியில் ஆட முடியாது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் காலடி வைத்த நாளிலிருந்து நான்கே ஆண்டுதான் ஆடலாம். ஊரில் ஒன்பதாவது முடித்த பிள்ளையை "ஆங்கிலம் பழகட்டும்" என்று இங்கே மறுபடி ஒன்பதில் போட்டால் கடைசி ஆண்டு ஆட்டம் கைநழுவிப் போகும். இந்தக் கணக்கைச் சேர்க்கும் அன்றைக்கே பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

நான்காவது மதிப்பெண். 1984-இல் வந்த சட்டம், "தேறினால்தான் ஆட்டம்" என்பது சுருக்கம். பள்ளி திறந்த ஆறாவது வாரத்தில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இருந்தாலும், ஏழு நாள் அவகாசம் முடிந்ததும் மூன்று வாரம் ஆட்டம் இல்லை. பயிற்சிக்கு மட்டும் போகலாம். நம் பிள்ளைகள் கணக்கில் திணறி இதில் மாட்டுவது அபூர்வம். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு இணையத்தில் ஏற்றாமல் விடுவார்கள். அங்கே பூஜ்யம் விழும். நான்கு பூஜ்யத்தில் 92 இருந்த இடம் 66 ஆகிவிடும். பெற்றோருக்கான மதிப்பெண் தளத்துக்கு உங்கள் பெயரில் கணக்கு வாங்கி ஞாயிறுதோறும் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி எடுத்து வைத்திருக்கும் விளையாட்டுக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்குத்தான். உங்கள் திட்டத்தின் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, பக்கத்து எலும்பு மருத்துவர் அதில் இருக்கிறாரா என்று கை ஒடிவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

வெயிலும் தலையும்

ஆகஸ்ட் டெக்சாஸ் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. அதனால்தான் முதல் நான்கு நாள் பழக்கும் நாள்கள்: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள் பேடும், ஐந்தாம் நாளில்தான் முழுக்கவசம். தாமதமாகச் சேர்கிறவரும் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். பயிற்சி இடைவேளையில் குடிக்கிற தண்ணீர் மட்டும் போதாது; முந்தின இரவிலிருந்தே குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கடை பானத்துக்குக் குறைந்ததல்ல.

ஹெல்மெட், தோள் பேடு, சீருடை பள்ளி கொடுக்கும். ஆணிக் காலணியும் பல்காப்பும் நாம் வாங்க வேண்டும். பல்லில் கம்பி போட்டிருந்தால் அதற்கென்றே செய்த பல்காப்பு வேண்டும். சாதாரணமானதை வெந்நீரில் போட்டுக் கடித்தால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். ஹெல்மெட் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஹெல்மெட்டின் முகக் கம்பியைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் உள்மெத்தையில் காற்று போதாது அல்லது அளவு பெரிது.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கக் கூடாது என்பது சட்டம். மருத்துவரின் எழுத்துமூல அனுமதி வந்தபின் படிப்படியாகத்தான் திரும்பலாம். "ஒண்ணுமில்லப்பா" என்று பிள்ளை சொல்வதை நம்ப வேண்டாம். இரவில் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, வாசிக்க முடியவில்லை என்றால் காலையில் முதல் போன் பள்ளியின் அத்லெட்டிக் டிரெயினருக்கு, அதாவது வீரர்களின் காயங்களைக் கவனிப்பவருக்கு.

கூடைப்பந்தில் வேறு தொல்லை: நகை. கடுக்கன், காப்பு, சங்கிலி எதுவும் கூடாது. சமயச் சின்னம் என்றால் உடம்போடு டேப் போட்டு ஒட்டிச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். கையில் கட்டிய சாமிக் கயிற்றை நடுவர் பார்த்தால் நிறுத்துவார். முதல் ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரிடம் காட்டிக் கேளுங்கள். ஆட்டத்தன்று கத்தரிக்கோல் தேடுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

ஏழு அல்லது ஏழரைக்கு ஆட்டம். பள்ளி ஆட்டங்களின் கூட்டம் கலையக் கூடாதென்று, செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் நடுவரை வெள்ளி இரவில் தொழில்முறை ஃபுட்பால் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தடுக்கிற ஏற்பாடு 1961-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1966-இல் சேர்க்கப்பட்டது.

ஆட்டம் புரிய இவ்வளவு போதும்: நான்கு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேறினால் இன்னொரு நான்கு வாய்ப்பு. பந்தை எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி, அதன்பிறகு கிடைக்கிற கூடுதல் வாய்ப்பில் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ மறுபடி சேர்த்தால் 2. கோட்டைத் தாண்டாமல் களத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. ஆனால் உங்கள் உயர்நிலைப் பள்ளியிலேயே நூறு பேர்தான் என்றால் அங்கே நடப்பது ஆறு பேர் ஆட்டமாக இருக்கலாம். 1934-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீவன் எப்ளர் என்பவர் சின்னப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. களம் 80 கஜம், முன்னேற வேண்டியது 15 கஜம். உதைக்கு மதிப்பு தலைகீழ்: கூடுதல் வாய்ப்பில் உதைத்தால் 2, ஓடியோ எறிந்தோ சேர்த்தால் 1, கள உதை 4. பாதி ஆட்டத்திலோ அதற்குப் பின்போ 45 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு பதினொருவர் ஆட்டத்தைவிட இதுதான் சட்டென்று பிடிபடும். எல்லாரும் ஓடுகிறார்கள், எல்லாரும் பிடிக்கிறார்கள்.

சொந்த ஊர்ப் பக்கத்தில் உட்காருங்கள். எண் எழுதிய பெஞ்சு சில குடும்பங்களுக்குத் தலைமுறையாக உரியது; சீட்டைப் பார்த்து உட்காருங்கள். எதிரணியின் நிறத்தில் சட்டை போட்டுப் போகாதீர்கள், தெரியாமல் போட்டாலும் கேலி வரும். பல இடங்களில் உள்ளே தெரிகிற கண்ணாடிப் பைதான் அனுமதி. ஆகஸ்டில் விசிறி, நவம்பரில் கம்பளி. அலுமினிய பெஞ்சு குளிரில் எலும்பு வரை ஏறும். ஜிம்முக்குள் மணி, ஊதல் கூடாது. மைதானத்தில் மணி அடிக்கலாம்.

பிரார்த்தனை பற்றிக் கேட்பார்கள். ஒலிபெருக்கியில் மாணவர் வழிநடத்தும் பிரார்த்தனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளி வழக்கில்தான். ஆட்டம் முடிந்து வீரர்கள் தாங்களாகக் களத்தில் முட்டி போட்டுக் கும்பிடுவது பல ஊரில் வழக்கம். உங்கள் பிள்ளை சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் சும்மா நின்றாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சாப்பாட்டுக் கடையில் சில்லி என்று எழுதியிருப்பது மிளகாய் அல்ல, மாட்டிறைச்சிக் குழம்பு. ஃப்ரிட்டோ பை என்பது சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதன்மேல் அதே குழம்பை ஊற்றுவது. சைவர்களுக்கு நாச்சோவும் ஊறுகாய் வெள்ளரியும் மிஞ்சும். அந்தக் கடையை நடத்துவது பூஸ்டர் கிளப், அதாவது பெற்றோர் சங்கம். பருவத்தில் இரண்டு முறை அங்கே நின்று நாச்சோவுக்குச் சீஸ் ஊற்றிக் கொடுங்கள். ஒரு வருடம் கோயில் வாசலில் நின்றாலும் பழக்கம் ஆகாத ஊர் ஒரே இரவில் பழக்கமாகிவிடும்.

ஹோம்கமிங் வாரம், அதாவது பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் விழா வாரம், வரும்போது பெண் பிள்ளைகள் "மம்" கேட்பார்கள்: தட்டு அகலத்தில் துணிச் செவ்வந்தி, நடுவில் குட்டிக் கரடி பொம்மை, முழங்கால்வரை தொங்கும் ரிப்பன், நடந்தால் சலங்கை சத்தம். பையன்களுக்குக் கையில் கட்டுகிற சிறியது. விலை நூறு டாலரைத் தாண்டுவதும் உண்டு. பசைத் துப்பாக்கியும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் வீட்டிலேயே கால்வாசிச் செலவில் முடிக்கலாம்.

வெளியூர் ஆட்டம் என்றால் எண்பது நூறு மைல் சாதாரணம். பஸ் திரும்ப நள்ளிரவாகும். பள்ளி வாகன நிறுத்தத்தில் காத்திருங்கள். நீங்களே ஓட்டிப் போனால் திரும்பும் வழியில் மான்கள் பாயும், வேகத்தைக் குறையுங்கள்.

பயிற்சியாளரை எல்லாரும் "கோச்" என்றுதான் கூப்பிடுவார்கள், மளிகைக் கடையிலும்கூட. சின்னப் பள்ளியில் அவரே வரலாறு நடத்துவார், பஸ்ஸும் ஓட்டுவார். "என் பையனை ஏன் இறக்கவில்லை" என்று ஆட்டம் முடிந்த சூட்டில் கேட்காதீர்கள். மறுநாள் நேரம் வாங்கிப் போய் "எதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்" என்று கேளுங்கள். இன்னொருவர் பிள்ளையின் பெயரை எடுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பருவக் கடைசியில் பெற்றோர் இரவு. பிள்ளையோடு கைகோத்து அம்மா அப்பா களத்தின் நடுவுக்கு நடக்க வேண்டும், கூடைப்பந்திலும் இதே வழக்கம். இரவுப் பணி இருந்தால் இந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை தனியாக நடக்கிற காட்சியை ஊரே பார்க்கும். பெயரை வாசிப்பவர் உள்ளூர்க்காரர். செந்தமிழ்ச்செல்வன் என்பதை எங்கே பிரிப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு நம் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்பதால், மகனையே அப்பா பெயரால் கூப்பிட்டுவிடுவதும் நடக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் மூன்று பெயரையும் அசை அசையாக, அழுத்த வேண்டிய இடத்தைப் பெரிய எழுத்தில் காட்டி எழுதி, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே மாடியில் ஒலிபெருக்கி அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, ஒரு தடவை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.