ஆப்பிள் பெட்டி எத்தனை நாள் தாங்கும்னு முன்னாடியே கண்டுபிடிக்கிறது எப்படி?

கிருஷ்ணகிரிக்காரங்க நாம மாம்பழத்த மோந்து பாத்தே சொல்லிடுவோம், இது நாளைக்கு ஆகும், இது நாலு நாள் ஆகும்னு. ஆப்பிள்கிட்ட அந்த வித்தை செல்லாது, கலரும் பளபளப்பும் நல்லா ஏமாத்தும், மெழுகு பூசியிருந்தா கேக்கவே வேணாம். கடை வச்சிருக்கவங்க, மொத்தமா வாங்கி வைக்கிறவங்க அளந்து பாக்கறதுதான் நல்லது. தராசு, கத்தி, மெடிக்கல்ல கிடைக்கிற பீட்டாடின் (புண்ணுக்குப் போடற அயோடின் மருந்து), ஒரு நோட்டு, இவ்ளோதான் சாமான்.

முதல்ல பழம் எடுக்கணும். மேல் வரிசையில எப்பவும் அழகான பழமாத்தான் அடுக்குவாங்க, அதனால மேல, நடு, அடி மூணுலருந்தும் கலந்து ஒரு பத்து பழம் எடுங்க.

அடுத்து ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து சோதனை. ரெண்டு மூணு பழத்த குறுக்கால ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்துல தண்ணி கலந்த பீட்டாடின தடவிட்டு கொஞ்ச நேரம் விடுங்க. ஸ்டார்ச் இருக்கிற இடம் கருநீலமாயிடும். ஆப்பிள் பழுக்கப் பழுக்க ஸ்டார்ச் சர்க்கரையா மாறும், அதுவும் விதைப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சு தோலப் பாத்து போகும். நடுவுல வெளுத்து ஓரத்துல மட்டும் கருப்பு வளையம் நின்னா அந்தப் பெட்டி தாங்கும். முழுக்க கருப்புன்னா பிஞ்சுல பறிச்சது, வச்சாலும் ருசி வராது. கருப்பே இல்லன்னா சீக்கிரம் வித்துடுங்க. ஆனா இது ஆகஸ்ட், செப்டம்பர்ல சிம்லா பக்கத்துலருந்து புதுசா வர்ற லோடுக்குத்தான் சரி, குளிர்கிடங்குல மாசக்கணக்கா இருந்துட்டு மார்ச்சுல வர்ற பழத்துல ஸ்டார்ச் எப்பவோ காலி. (மருந்து தடவின துண்ட யாரும் தின்னுடாதீங்க, குப்பையில போடுங்க.)

அதே மாதிரி வெட்டுன இன்னொரு பழத்துல ஒரு கீத்து எடுத்து ஒடிங்க. நறுக்குன்னு ஒடிஞ்சா நல்லது, மாவா உதிர்ந்தா முடிஞ்சு போச்சு. பெரிய வியாபாரிங்க இதுக்கு பெனட்ரோமீட்டர்னு, முனைய பழத்துக்குள்ள அழுத்தி கெட்டித்தன்மைய அளக்கற கருவி வச்சிருப்பாங்க, ஆப்பிளுக்கு 11 மில்லிமீட்டர் முனை.

இப்ப எடை, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். அஞ்சு பழத்த ஒண்ணா வச்சு எடை போடுங்க, தனித்தனியா போட்டா சின்ன வித்தியாசம் வீட்டுத் தராசுல தெரியாது. 1000 கிராம் இருந்தது 5 நாள்ல 990 ஆச்சுன்னு வைங்க. ஆப்பிள் எடையில சுமாரா 5 சதவீதம் போனா தோல் சுருங்கறது கண்ணுக்குத் தெரியும், அதாவது 50 கிராம், அப்போ இதே வேகத்துல போனா மொத்தம் 25 நாள். பெட்டி எங்க இருக்கோ அங்கயே வச்சு எடை போடுங்க, ஓசூர் குளிர்ல போற வேகம் வேற, காவேரிப்பட்டணத்து சித்திரை வெயில்ல போற வேகம் வேற. குளிர்கிடங்குல 0லருந்து 1 டிகிரி, 90 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் வைக்கிறதே இதுக்குத்தான்.

ரகத்தையும் நோட்டுல எழுதிக்கோங்க. கிரானி ஸ்மித், ஃபுஜி எல்லாம் நாள் தாங்கும், காலா சீக்கிரம் மாவாயிடும்.

தராசு காட்டாத ஒண்ணு இருக்கு, தோலுக்கு அடியில சின்னச் சின்ன பழுப்புக் குழி. கால்சியம் பத்தாததால வர்றது, வாங்கறப்ப சுத்தமா இருந்த பழத்துலயும் இருப்பு வச்சப்புறம் வெளிய தெரியும். பெட்டில ரெண்டு பழத்துல அத பாத்தாலே, எடைக் கணக்கு என்ன சொன்னாலும், அந்தப் பெட்டிய முதல்ல வித்துடுங்க.