வி.எச்.எஸ் கேசட்டை டிஜிட்டலாக மாற்றினால் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? எங்கே திக்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கல்யாண கேசட்டையோ குழந்தையின் முதல் பிறந்தநாள் கேசட்டையோ கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து ஓட்டிப் பார்க்கும்போது படம் விட்டு விட்டு ஓடினால், கேசட் போய்விட்டது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் உடனே வேறு கேப்சர் ஸ்டிக் (டெக்கின் படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றும் யுஎஸ்பி கருவி) வாங்கப் போகிறார்கள். இரண்டும் அவசரம். திக்கல் மூன்று இடத்தில் ஒன்றில்தான் இருக்கும்: டெக்கும் கேசட்டும், கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, ஏற்றிய ஃபைலை ஓட்டிப் பார்க்கும் பிளேயர். எந்த இடம் என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் செலவு செய்தால் போதும், பணம் செலவாகாது.

முதலில் டெக்கின் மஞ்சள், வெள்ளை வயரை நேராக டிவியில் சொருகி அதே கேசட்டை ஓட்டுங்கள். அங்கேயே குதித்தால் டெக் அல்லது கேசட் பிரச்சினை. டிவியில் ஒழுங்காக ஓடினால் அடுத்த சோதனை: ஏற்றிய ஃபைலை விஎல்சி என்ற பிளேயரில் ஓட்டி, எந்த நிமிடம் எந்த நொடியில் திக்குகிறது என்று குறித்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தைப் பாருங்கள். இந்த முறை வேறு இடத்தில் திக்கினால் ஃபைலில் குறையில்லை, ஓட்டுகிற கம்ப்யூட்டர்தான் திணறுகிறது. அதே இடத்தில் திக்கினால் குறை ஃபைலுக்குள் பதிவாகியிருக்கிறது. விஎல்சியில் படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில ஈ எழுத்துள்ள விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக (தனிப் படமாக) நகரும்; ஒரே ஃபிரேம் இரண்டு முறை வருகிறதா, கை தூக்குகிறவரின் கை திடீரென்று மேலே போய் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். கடைசியாக, கேசட்டின் அதே ஐந்து நிமிடத்தை இன்னொரு முறை ஏற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே காட்சியில் குதித்தால் கேசட்டில் காரணம், வெவ்வேறு காட்சியில் குதித்தால் கம்ப்யூட்டரில் காரணம்.

ஃபைல் நன்றாக இருந்தும் ஓட்டும்போது திக்கினால்

இது சுலபமானது. பென்டிரைவிலிருந்தோ பழைய எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்தோ ஓட்டாமல் கம்ப்யூட்டரின் உள் டிஸ்குக்கு காப்பி செய்து ஓட்டுங்கள். சுருக்காமல் எடுத்த வீடியோ என்றால் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், நொடிக்கு ஏறக்குறைய 20 எம்பி ஓட வேண்டும். சாதாரண பென்டிரைவ் இதற்குத் தாங்காது, டிவியின் யுஎஸ்பி துளையும் தாங்காது. அந்த ஃபைல் பத்திரமாக வைத்துக்கொள்ள, பார்ப்பதற்கு அதிலிருந்து சின்னதாக ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு ஃபிரேம்கூட விடுபடவில்லை, ஆனாலும் ஓட்டம் சரியில்லை

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை, நொடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளால் ஆனது: ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் இன்னொரு ஃபீல்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, இடையில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. ஆக, கேசட்டில் நொடிக்கு 50 அசைவுகள் பதிவாகியிருக்கின்றன, பழைய குழாய் டிவியில் நாம் பார்த்து ரசித்த அந்த வழவழப்பான ஓட்டம் அந்த ஐம்பதால் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும் மென்பொருள் இரண்டு ஃபீல்டையும் ஒன்றாக்கி 25 ஆகக் குறைத்துவிட்டால் பாதி அசைவு போய்விடும். எதுவும் விடுபட்டதாக எண்ணிக்கை காட்டாது, ஆனால் நாதஸ்வரக்காரரிடமிருந்து மணமேடைக்கு கேமரா திரும்பும்போது ஒரு இடறல் தெரியும். எனவே டீஇன்டர்லேஸ் செய்யும்போது, அதாவது இந்தப் பாதிகளை முழு ஃபிரேம்களாக மாற்றும்போது, ஃபீல்டு ஒவ்வொன்றையும் ஒரு ஃபிரேமாக்கி 50 வருகிற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஎல்சியில் வெறுமனே பார்ப்பதற்கு வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையில் யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள். இதை மாற்றியதுமே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொரு வகை ஆட்டம் உண்டு: நடக்கிறவர் இரண்டு அடி முன்னே வைத்து ஒரு அடி பின்னே வருகிற மாதிரி நடுங்குவார். அது ஃபீல்டு வரிசை தலைகீழாக இருப்பதால் வருவது. கேப்சர் ஸ்டிக்கில் எடுத்தவை பொதுவாக மேல் ஃபீல்டு முதலில் வரும், மினி டி.வி (MiniDV) என்ற சின்ன டேப் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தவை கீழ் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் அந்த ஒரு செட்டிங்கை மாற்றிப் போட்டால் நடுக்கம் நின்றுவிடும், கேசட்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு மென்பொருள் வைத்து ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஃபிரேம் ரேட். அது பெரும்பாலும் 30 அல்லது 60 என்று இருக்கும், ஏனென்றால் அது கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த மென்பொருள். 25 ஃபிரேம் வருகிற இடத்தில் 30 பதிவு செய்யச் சொன்னால் நொடிக்கு ஐந்து ஃபிரேமை அது இரட்டிக்கும், அதனால் சீரான இடைவெளியில் ஒரு உதறல் வந்துகொண்டே இருக்கும். ஃபிரேம் ரேட்டை 50 பால் என்று வைத்து, கேப்சர் சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து டீஇன்டர்லேஸில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள்.

கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால்

வெர்ச்சுவல்டப் மாதிரியான மென்பொருளில் எடுத்தால், எத்தனை ஃபிரேம் விடுபட்டது, எத்தனை புதிதாகச் செருகப்பட்டது என்று ஓரத்தில் எண் ஓடும். நான் அதையே விரும்புவதற்கு முக்கியக் காரணம் இந்த எண்தான், அப்போதைக்கப்போது உண்மையைச் சொல்லிவிடும். கேசட்டில் காட்சி ஒட்டுகிற இடத்தில் ஒன்றிரண்டு விடுபட்டால் பரவாயில்லை. நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு இவற்றைப் பாருங்கள். ஸ்டிக்கை யுஎஸ்பி ஹப்பில் சொருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்கும் பக்கத்துத் துளையில் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டு, பவர் செட்டிங்கில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏற்றி முடிக்கும்வரை ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், பிரவுசர் எதுவும் வேண்டாம். ஃபைல் உள் எஸ்எஸ்டியில் எழுதப்படட்டும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். சுருக்காத வீடியோ மணிக்கு 75 ஜிபி வரை பிடிக்கும், மூன்று மணி நேர கேசட்டுக்கு 220 ஜிபிக்கு மேல் வேண்டும். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக் போட்டால் ஏறக்குறைய பாதியாகும். அதற்கும் இடமில்லை என்றால் எம்பெக்2. ஆனால் பழைய லேப்டாப்பில் கேசட் ஓடும்போதே எச்.264 ஆகச் சுருக்கச் சொல்லாதீர்கள், பிராசஸர் மூச்சு வாங்கும், ஃபிரேம் விடுபடும். முதலில் பெரிதாக எடுத்துக்கொண்டு இரவில் சுருக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

அப்புறம் ஒலி. படத்தை ஸ்டிக் வழியாகவும் ஒலியை கம்ப்யூட்டரின் மைக் துளை வழியாகவும் எடுத்தால் இரண்டின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடாது, அதைச் சரிக்கட்ட மென்பொருள் ஃபிரேமைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஒலியையும் அதே ஸ்டிக் வழியாக எடுங்கள்.

டெக்கும் கேசட்டும்

ஏற்றுவதற்கு முன் கேசட்டைக் கடைசிவரை ஃபார்வர்டு செய்து, திரும்ப முழுக்க ரீவைண்ட் செய்யுங்கள். பல வருஷமாக அலமாரியில் கிடந்த டேப் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்திருக்கும், இதில் சமமாகிவிடும். படத்தில் வெள்ளைக் கோடுகள் வந்தால் டிராக்கிங்கைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். படம் முழுக்க பூச்சி பறந்தால் ஹெட்டில் அழுக்கு. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை டிரம்மின் (ஹெட் பொருத்தியிருக்கும் சுழல் உருளையின்) மேல் லேசாக ஒட்டி வைத்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சு வைத்த காது குச்சி வேண்டவே வேண்டாம். வி.சி.ஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, இனி புது டெக் கிடையாது, இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், தயவுசெய்து அதை டெக்கில் போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். சென்னை, நாகை மாதிரி கடலோர ஊர்களில் இது சகஜம். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் தனியாகக் கொடுங்கள்.

டிவியில் ஒழுங்காக ஓடுகிற கேசட், ஸ்டிக்கில் மட்டும் குதித்தால் கேசட்டின் நேரத் துடிப்பு தள்ளாடுகிறது என்று அர்த்தம். குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், ஸ்டிக் பொறுக்காமல் ஃபிரேமையே தூக்கிப் போட்டுவிடும். இந்தத் தள்ளாட்டத்தைச் சரிசெய்யும் டைம்பேஸ் கரெக்டர் உள்ள எஸ்-வி.எச்.எஸ் டெக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைக்கலாம், பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. அதில் டிவிடி எதுவும் போட வேண்டாம். டெக்கின் வயரை அதன் இன்புட்டில் கொடுத்து, அவுட்புட்டை ஸ்டிக்குக்கு எடுத்தால் போதும், படம் நிமிர்ந்து வரும்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் டிவி முறை, நொடிக்கு 29.97 ஃபிரேம். நம் டெக்குகள் பலவும் அதை இரண்டும்கெட்டான் சிக்னலாக மாற்றித் தரும், டிவி ஏற்றுக்கொள்ளும், ஸ்டிக் ஏற்காது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ அந்தக் காலத்தில் கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக் யாரிடமாவது இருக்கும், அதில் சிஸ்டம் ஸ்விட்சை என்டிஎஸ்சியில் வைத்து, மென்பொருளிலும் என்டிஎஸ்சி என்று மாற்றி எடுங்கள். மேலே சொன்ன 50 இதற்கு 59.94 ஆகும்.

கல்யாண கேசட் எவ்வளவு முயன்றும் குதிக்கிறதா? உங்களிடம் இருப்பது காப்பிக்குக் காப்பியாக இருக்கலாம். மாமா வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ இருப்பதையும் வாங்கிப் பாருங்கள், மாஸ்டரிலிருந்து நேராகப் போட்ட பிரதி என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பார்ப்பதற்கான ஃபைல்

வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பெரிய ஃபைலைத் திறந்து, டீஇன்டர்லேஸில் பாப் (Bob, ஃபீல்டு ஒவ்வொன்றையும் ஃபிரேமாக்குவது) வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட் என்று வையுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யாமல் படத்தின் உயரத்தை மாற்றாதீர்கள், வரிகள் கலந்துபோய் பிறகு எதுவும் செய்ய முடியாது. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், டிவி அதைப் படிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கி மறுபடி திக்கவைக்கும். நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குள் இருக்குமாறு பார்த்து, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.