மிலானில் என்ன உடுத்துவது? ஷூவிலிருந்து தொடங்குங்கள்

மிலான் என்றதும் பலருக்குக் கைப்பை, கறுப்புக் கண்ணாடி, பெரிய பிராண்ட் பெயர்கள்தான் மனதில் வரும். அந்த வழியில் போனால் பெட்டி நிரம்பும், பணம் கரையும், இரண்டாம் நாள் மாலை குதிகாலில் கொப்புளம் எழும். மிலான்காரர்கள் விலைச்சீட்டைத் தேடுவதில்லை. துணி உடம்புக்குப் பொருந்துகிறதா, இஸ்திரி போட்டிருக்கிறதா, ஷூ துடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நாலு பேர் முன்னால் பாங்காகத் தெரிவதை இத்தாலியர்கள் 'பெல்லா ஃபிகூரா' என்பார்கள். அதற்குப் பெரும் செலவு வேண்டாம். பயணத்துக்கு நான்கு வாரம் முன்பே வேலையைத் தொடங்கினால் போதும்.

ஏழு நாள் பயணம், ஒரே ஒரு கேபின் பெட்டி என்ற கணக்கில் இதை எழுதியிருக்கிறோம்.

படி 1: ஷூ (நான்கு வாரம் முன்பு)

முதலில் தரையைப் புரிந்துகொள்ள வேண்டும். மிலானின் பழைய தெருக்களில் பெரிய கிரானைட் பலகைக் கற்கள் பதித்திருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடுக்கு. அதன் நடுவே டிராம் தண்டவாளம் ஓடும். சில தெருக்களில் உருண்டைக் கூழாங்கற்களைப் பதித்து, நடுவில் மட்டும் தட்டைக் கல்லை இரண்டு வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் அந்த வரிசை மேலேயே நடப்பார்கள். நீங்களும் அப்படியே நடங்கள். கூர்க்குதிகால் செருப்பு இந்த இடுக்கிலும் தண்டவாளப் பள்ளத்திலும் சிக்கும். குதிகால் வேண்டுமென்றால் அகலமான கட்டைக் குதிகால், அதுவும் 4 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தோல் அடிப்பாகம் போட்ட ஷூ, நனைந்த கிரானைட்டில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம்தான் சரி.

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும். பயணத்தில் போடப்போகும் அதே சாக்ஸை எடுத்துப் போங்கள். எழுந்து நின்று பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பலருக்கு அது கட்டைவிரல் அல்ல, இரண்டாம் விரல். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதும் அபூர்வம். பெரிய காலுக்கு வாங்குங்கள்.

அடுத்தது பழக்குவது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். புது ஷூவை அப்படியே பெட்டியில் வைத்துப் போய், முதல் நாளே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள். முதல் வாரம் வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம். இரண்டாம் வாரம் வெளியில் 3 கிலோமீட்டர். மூன்றாம் வாரம் ஒரு நாளாவது 8 கிலோமீட்டர், ஒரே மூச்சில். அந்த 8 கிலோமீட்டரில் எங்கே சிவக்கிறதோ, மிலானில் கொப்புளம் அங்கேதான் வரும். அந்த இடத்தில் கிளம்பும் முன்பே டேப் ஒட்டிக்கொள்ளலாம். கொப்புளம் வந்தபின் ஒட்டும் பிளாஸ்டர் வலியைக் குறைக்கும், நடையைக் காப்பாற்றாது.

குதிகால் மேலும் கீழும் வழுக்குகிறதா? உள்ளே மெத்தை ஒட்டுவதற்கு முன் கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள். கடைசித் துளைக்கு முந்திய துளையிலிருந்து வரும் கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் மேலிருந்து விடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு வளையம் கிடைக்கும். இப்போது இடக்கயிற்றை வலப்பக்க வளையத்திலும், வலக்கயிற்றை இடப்பக்க வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்கால் இறுகப் பிடித்துக்கொள்ளும், விரல்கள் தளர்வாக இருக்கும்.

எந்த வகை ஷூ? எழுத்தில்லாத வெள்ளை அல்லது பழுப்புத் தோல் ஸ்னீக்கர் ஒன்று, ரப்பர் அடிப்பாகம் உள்ள அடர்நிற லோஃபரோ கயிறு கட்டும் ஷூவோ ஒன்று. இரண்டே ஜோடி, அதில் ஒன்று காலில். வலைத்துணி ஓட்டப்பந்தய ஷூ காலுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் அது உடற்பயிற்சிக்கான பொருள். நல்ல பேன்ட்டுக்குக் கீழே அது ஒன்றே உங்களைச் சுற்றுலாப் பயணி என்று காட்டிக்கொடுக்கும்.

படி 2: டெய்லர் (மூன்று வாரம் முன்பு)

புதுத் துணியை இரண்டு முறை துவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைக்காமல் அளவெடுத்து வெட்டிய பேன்ட், ஊருக்குப் போய் ஒருமுறை நனைத்தால் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும்.

பயணத்துக்கான ஷூவைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். பேன்ட்டின் ஓரம் ஷூவின் மேல்பகுதியை லேசாகத் தொட வேண்டும், அதிகம் போனால் ஒரு சிறு மடிப்பு விழலாம். குதிகாலுக்குக் கீழே தொங்கினால், மழை நாளில் கல்தரைத் தண்ணீரை முழங்கால் வரை உறிஞ்சிக்கொள்ளும். கோட்டோ பிளேசரோ எடுத்தால் தோள்தையல் உங்கள் தோளெலும்பு முடியும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கை நீளத்தை டெய்லர் திருத்திவிடுவார். தோளைத் திருத்துவது பெரிய வேலை; அந்தக் கோட்டைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. சட்டைக் கையின் ஓரம் கோட்டுக் கைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் அளவு சரி.

ஒரு சாதாரணச் சட்டையும் இந்தத் திருத்தத்துக்குப் பின் தைத்துப் போட்டதுபோல் உட்காரும். பிராண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை டெய்லருக்குக் கொடுங்கள் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

படி 3: எண்ணிக்கை

கீழ்த்துணி (பேன்ட் போன்றவை) 3, மேல்துணி (சட்டை போன்றவை) 5, ஸ்வெட்டர் 1, பிளேசர் 1, வெளிக்கோட்டு 1. சாக்ஸும் உள்ளாடையும் ஐந்து செட், நடுவில் ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் 15 ஜோடி வரும். ஆனால் ஒவ்வொரு மேல்துணியும் மூன்று கீழ்த்துணிக்கும் பொருந்தினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். ஒன்றோடு மட்டும் சேரும் சட்டை எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் அலமாரிக்குத் திரும்பட்டும்.

நிறம்: நேவி நீலம், சாம்பல், ஒட்டகப் பழுப்பு, வெள்ளை. பளிச்சென்ற நிறத்தில் ஆசை இருந்தால் கழுத்துத் துணியில் வையுங்கள், முகத்துக்கும் அழகு.

படி 4: பருவம்

மிலான் இருப்பது போ ஆற்றுச் சமவெளியில். வடக்கே ஆல்ப்ஸ், தெற்கே அப்பெனைன் மலைகள் காற்றைத் தடுத்துவிடுகின்றன. அதனால் கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் ஈரக் குளிரும் மூடுபனியும். காற்று குறைவு என்பதில் ஒரு நன்மை உண்டு: இங்கே குடை திரும்பிக்கொள்ளாது. மழைக்கோட்டை விடச் சிறு மடக்குக் குடையே மேல்.

ஜூலையில் பகல் 30 டிகிரியைச் சுற்றி இருக்கும். லினன், மெல்லிய பருத்தி. லினன் கசங்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். கசங்கிய பருத்திச் சட்டைதான் கண்ணை உறுத்தும். மாலையில் நவில்யி கால்வாய் ஓரம் உட்காரப் போகிறீர்கள் என்றால் கொசு உண்டு, முழுநீளப் பேன்ட் போட்டுப் போங்கள்.

ஜனவரியில் இரவு பூச்சியத்தைத் தொடும். இங்கே ஆரம்பநிலைக்காரர்கள் செய்யும் தவறு, தடித்த பருத்தி உள்ளாடையை அடியில் போடுவது. மெட்ரோவிலும் கடைகளிலும் சூடு வைத்திருப்பார்கள். உள்ளே வியர்க்கும், பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெளியே வந்ததும் அந்த ஈரம் முதுகில் சில்லென்று ஒட்டும். அடியில் மெல்லிய மெரினோ கம்பளி, மேலே சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், கடைசியில் கோட். உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கம்பளிக் கோட் இல்லையே என்று கவலை வேண்டாம். உடம்போடு ஒட்டிய, அடர்நிற இறகு ஜாக்கெட்டைத்தான் குளிர்காலத்தில் ஊரில் பாதிப்பேர் போட்டிருப்பார்கள்.

அங்கேயே வாங்க நினைத்தால், தள்ளுபடிக் காலம் குளிருக்கு ஜனவரி முதல் வாரத்திலும், கோடைக்கு ஜூலைத் தொடக்கத்திலும் ஆரம்பிக்கும். கடைக் கண்ணாடியில் 'சால்டி' என்று எழுதியிருக்கும். ஓவிஎஸ், ஊப்பிம் போன்ற கடைகளில் ஸ்வெட்டரும் உள்ளாடையும் கட்டுப்படியான விலையில் கிடைக்கும். பெரிய பிராண்ட் கடைகள் வரிசையாக உள்ள மோன்டேநபோலியோனே தெருவை வேடிக்கை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வாசலில் நிறுத்தும் இடங்கள்

துவோமோ பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். கோடையில் வரிசையில் நின்று, வாசல் வரை போய்த் திரும்புபவர்கள் பெரும்பாலும் அரைக்கால்சட்டைக்காரர்கள்தான். கையில்லாத உடைக்கு ஒரு துப்பட்டா போதும். கூரைக்கு ஏறும் எண்ணம் இருந்தால் அன்று ரப்பர் ஸ்னீக்கர். படியேறினால் ஏறக்குறைய 250 படி, மேலே சரிவான பளிங்குப் பலகைகள். மழைக்குப் பின் கண்ணாடி போல வழுக்கும்.

லா ஸ்காலா நாடக அரங்கு 1778-இல் திறந்தது. அரைக்கால்சட்டை, கையில்லாத டி-ஷர்ட் போட்டவர்களை அரங்குக்குள் விடமாட்டார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது. சாதாரண நாட்களில் அடர்நிற பிளேசர், காலர் சட்டை, துடைத்த தோல் ஷூ தாராளம். டிசம்பர் 7, ஊரின் காவல் புனிதர் அம்புரோசின் நாள். அன்றுதான் அரங்கின் புது நிகழ்ச்சிப் பருவம் தொடங்கும். அந்த இரவுக்கு மட்டும் உண்மையான மாலை உடை வேண்டும்.

படி 6: பை

ஜிப் உள்ள, குறுக்கே மாட்டும் சிறு பை. துவோமோவுக்குள் பெரிய பை போகாது. ரயில் நிலையத்திலும் மெட்ரோவிலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு, பையை வயிற்றுப் பக்கம் வையுங்கள். போனைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

பிறகு சேர்த்தவை

சேலை கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. லா ஸ்காலாவுக்குப் பட்டுச் சேலையைவிடப் பொருத்தமான உடை எங்களுக்குத் தெரியவில்லை. ஓரம் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்திருக்கும்படி கட்டுங்கள். டிராம் படியும் மெட்ரோ எஸ்கலேட்டரும்தான் ஆபத்து. கையில்லாத ரவிக்கை என்றால் துவோமோவில் முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அறையில் இஸ்திரிப்பெட்டி இல்லையென்றால்: குளியலறையில் சட்டையை ஹேங்கரில் மாட்டி, வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவை மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு ஈரம் இருக்கும்போதே காலரையும் பொத்தான் பட்டியையும் கையால் இழுத்துத் தேய்த்துவிடுங்கள். பயண ஸ்டீமர் வாங்கிப் பெட்டியில் எடை ஏற்ற வேண்டாம்.

ஷூ நனைந்துவிட்டால் உள்தகட்டை உருவி எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி விரல்முனை வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஈரத்தாளை மாற்றி, மறுபடி திணித்து, இரவு முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். அறைச் சூடேற்றியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும்.